கொச்சி, மூணாறு, போடி: ஒரு நாள் பிந்தி வரும் பயணக் குறிப்புகள்

புதன், பெட்டி கட்டும் நேரம்

முதலிலேயே ஒன்று. இந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரு நாள் பிந்தித்தான் வரும். மட்டாஞ்சேரித் தெருவைப் பற்றி நீங்கள் படிக்கும்போது நான் அந்தத் தெருவில் இருக்க மாட்டேன். தங்கும் இடங்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. தனியாகப் போகிற ஒருத்தி "இதோ இங்கே இருக்கிறேன்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டுமா என்ன? அம்மாவுக்கும் ஒரு தோழிக்கும் தெரிந்தால் போதும்.

கொச்சியும் மூணாறும் ஏன்? ஒரு நகரம், ஒரு மலை, நடுவில் பகல் முழுக்க ஓடும் பேருந்துகள். சென்னையில் இரவு ரயில் ஏறினால் விடிந்த பிறகு எர்ணாகுளம். அங்கிருந்து மூணாறு 130 கிலோமீட்டர் சொச்சம். மூணாறிலிருந்து மறுபக்கம் இறங்கினால் போடிநாயக்கனூர், அங்கிருந்து நேராகச் சென்னைக்கே ரயில். வந்த வழியே திரும்ப வேண்டாம் என்பதில்தான் எனக்குப் பாதி ஆசை.

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். போடி பாதை அகலப்பாதையாக மாறி, 2023 ஜூனில் சென்னை ரயில் ஓடத் தொடங்கியது. இப்போதைய அட்டவணைப்படி போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவுகளில் மட்டும். ஆகவே திரும்பும் நாள் செவ்வாய். அடுத்து, எது எப்போது மூடியிருக்கும் என்று பார்த்தேன். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. யூதர் ஜெப ஆலயம் சனிக்கிழமை திறக்காது. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் அடைத்துவிடுவார்கள். ஜூனில் மழை தொடங்கினால் மலைச்சாலையில் மண் சரியும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கொச்சியில் இறங்க வேண்டும் என்று கணக்கு தானாக வந்து நின்றது.

எனக்கென்று வைத்திருக்கும் விதிகள் குறைவு. புது ஊரில் இருட்டிய பிறகு போய் இறங்குவதில்லை. காலை எட்டு மணிக்கு வர வேண்டிய ரயில் மூன்று மணி நேரம் தாமதமானால் பதினொன்று, வெயிலில் நின்று திட்டலாம். மாலை ஆறு மணி வண்டி அதே அளவு தாமதமானால் நிலைமையே வேறு.

இன்னொன்று, பெண்கள் வேலை செய்யும் இடங்களை ஒட்டியே போவது. பெப்பர் ஸ்ப்ரே, கதவு அலாரம் என்று நிறைய எழுதுகிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கவுன்ட்டரில், கடையில், பேருந்தில், தோட்டத்தில் பெண்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே இன்னொருத்தி நிற்பது யாருக்கும் விசேஷமாகத் தெரியாது. பெண்கள் வந்துபோகும் இடத்தைச் சொல்லவில்லை, வேலை செய்யும் இடத்தைச் சொல்கிறேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வெயில் தாழ்ந்ததும் போய்விடுவார்கள். கடை வைத்திருப்பவர் கடை அடைக்கும்வரை இருப்பார்.

அறைகளுக்கு ஆப்பில் பணம் கட்டும் முன் நேரே போன் போட்டேன். ராத்திரி வரவேற்பில் ஆள் உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரமா? மூணாறில் ஒரு விடுதிக்காரர், "தனியாவா மேடம், எதுக்கு?" என்றார். அந்த விடுதி பட்டியலிலிருந்து போனது. இன்னோரிடத்தில் ஒரு பெண் எடுத்து, "சுடுதண்ணி காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான் வரும், பரவால்லையா?" என்று கேட்டார். அங்கேயே பதிவு செய்தேன். ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒற்றை மரவீடு ஒன்றும் படத்தில் கண்ணைப் பறித்தது. கடைசி இரண்டு கிலோமீட்டர் அவர்களுடைய ஜீப்பில்தான் போக வேண்டுமாம். அழகுதான், கூட ஆள் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

"ரெண்டு பேராப் போனா என்னடி?" என்று அம்மா இன்று காலையும் கேட்டார். யாரோடு போவது என்று கேட்டதற்கு அவரிடமும் பதில் இல்லை.

வியாழன், கொச்சிக் கோட்டை

எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் தனியாகப் போகும் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். வயது வரம்பு கிடையாது. டிக்கெட் போடும்போது பொதுப் பிரிவுக்குப் பதில் லேடீஸ் கோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் காத்திருப்போர் பட்டியலில் கிடப்பவர்கள் ஏராளம். சென்ட்ரலில் வண்டி கிளம்பும் முன் ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் காவலர் ஒருவர் வந்து, தனியாகப் போகிறேனா, எங்கே இறங்குகிறேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மேரி சஹேலி என்று 2020-இல் தொடங்கிய ஏற்பாடு இது. ரயிலுக்குள் எது நடந்தாலும் 139.

எர்ணாகுளத்தில் பெட்டியை அறையில் போட்டுவிட்டு, ஐகோர்ட் பக்கத்துப் படகுத்துறைக்குப் போனேன். கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. கொச்சிக் கோட்டைக்கு 40 ரூபாய். பேட்டரியில் ஓடும் படகு, ஏசி, நூறு பேர் போகலாம். எனக்குப் பிடித்தது அதன் மிதக்கும் மேடை. கடல் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. சேலை கட்டியவரும் கைக்குழந்தைக்காரியும் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறார்கள். அரசு நடத்தும் பழைய படகுகளும் ஓடுகின்றன, அவற்றில் சில்லறைக் காசுதான் டிக்கெட்.

கோட்டைப் பகுதி நடப்பதற்கென்றே அமைந்தது. புனித பிரான்சிஸ் ஆலயம் 1503-இல் தொடங்கியது. 1524-இல் இங்கே இறந்த வாஸ்கோட காமாவை இதற்குள்தான் புதைத்தார்கள், பிறகு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது கல் மட்டும். கடற்கரையில் சீன வலைகள். கயிறு இழுக்க வாருங்கள் என்று கூப்பிடுவார்கள், இழுத்து முடித்ததும் காசு கேட்பார்கள். தெரிந்துகொண்டு போனால் சண்டை இல்லை.

நான் நேரம் செலவழித்தது வேளி மைதானத்துப் பக்கம் உள்ள சலவைக்கூடத்தில். தோபி கானா என்றால் எல்லா ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்புகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டி வந்தார்கள். டச்சுக்காரர் போய், ஆங்கிலேயரும் போய், துவைப்பவர்கள் மட்டும் இருக்கிறார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், கல், பின்னால் பெரிய கொடிக்களம். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் துணி விழுவதில்லை. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எந்த ஊரு?"

"சென்னைக்கா."

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலைக்கா, நான் மட்டும்தான்."

"அப்ப சாயங்காலம் கடக்கரைப் பக்கம் ரொம்ப நேரம் இருக்காதே, படகுக் கூட்டம் ஏறிடும், வரிசையிலயே நின்னுக்கிட்டிருப்ப" என்றார். பயமுறுத்தவில்லை, போக்குவரத்து சொன்னார். கொடிக்களத்தைத் தாண்டினால் எந்தப் பக்கம் நிழல், எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும், எந்த ஆட்டோக்காரர் மட்டாஞ்சேரிக்கு நியாயமாகக் கேட்பார் என்று எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நின்றே தெரிந்துகொண்டேன்.

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக் கொடுத்தது போர்ச்சுகீசியர்கள், பழுதுபார்த்தது டச்சுக்காரர்கள். அதனால் ஊர் அதை டச்சு அரண்மனை என்கிறது. ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். இந்த ஒரு அறைக்காகவே வரலாம். ஜெப ஆலயம் 1568-இல் கட்டியது. தரையில் கையால் வரைந்த நீல வெள்ளைச் சீன ஓடுகள். யூதத் தெருவின் மசாலாக் கடைகளில் விலை கேட்டுவிட்டு நகர்ந்தேன். போடி வழியாகப் போகிறவள் இங்கே ஏலக்காய் வாங்குவாளா?

அக்கா சொன்னபடி வெயில் இருக்கும்போதே படகு பிடித்தேன்.

வெள்ளி, எர்ணாகுளம்

ஐகோர்ட்டுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். மங்களவனம், வெறும் 2.74 ஹெக்டேர். அலையாத்தி மரங்கள், ஏரித் தண்ணீர், கண்காணிப்புக் கோபுரம், பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிக் கத்தும் வௌவால்கள். காலையில் போனால் நீர்க்காகங்களும் இராக்கொக்குகளும் கிடைக்கும். சுற்றிலும் கட்டடங்கள், ஆனாலும் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் உட்கார முடிந்தது. சின்ன இடம் என்பதும், வாசலில் ஆள் இருப்பதும், ஒரே வழிதான் என்பதும் தனியாக வருபவருக்கு நல்ல சேர்க்கை. பெரிய காட்டில் இப்படி அசையாமல் உட்கார எனக்குத் தைரியம் வராது.

மெட்ரோவில் சும்மா ஏறி இறங்கினேன். 2017-இல் தொடங்கியபோதே நிலைய வேலைகளுக்குக் குடும்பஸ்ரீ பெண்களை எடுத்தார்கள், திருநங்கையரையும் எடுத்தார்கள். குடும்பஸ்ரீ 1998-இல் கேரள அரசு தொடங்கிய பெண்கள் இயக்கம். மதியம் எர்ணாகுளம் நார்த் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாநகராட்சியின் சம்ருத்தி உணவகத்தில் சாப்பிட்டேன். சமைப்பது, பரிமாறுவது, கல்லாவில் இருப்பது எல்லாம் குடும்பஸ்ரீ பெண்கள். 2021-இல் 10 ரூபாய்க்குச் சாப்பாடு என்று ஆரம்பித்தது. பிறகு விலை ஏறியது, இன்னும் மலிவுதான். தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பெண்கள் எனக்கு முன்னும் பின்னும் இருந்தார்கள். கடைப்பெண்கள், நர்சுகள், ரயிலுக்கு நேரம் இருப்பவர்கள். அங்கேயே பெண்களுக்கான மாநகராட்சி விடுதியும் இருக்கிறது. கையைக் கடிக்காத இடம் தேடுபவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

மாலை மரைன் டிரைவ். நடைபாதையில் நல்ல கூட்டம், வெளிச்சம். வானவில் பாலம் தாண்டியதும் ஒருவன் கூடவே நடக்க ஆரம்பித்தான். முதலில் எந்த ஊர் என்றான். அப்புறம் தமிழில், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றான். இந்தக் கேள்விக்குப் பொய்ப் பதில்கூட நான் சொல்வதில்லை. பொய் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் ஒரு பொய் தேட வேண்டும். நாலு அடி தள்ளி உப்பிலிட்ட மாங்காய், நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த சேச்சியின் கடைக்குள் போய் நின்றேன். கடைக்கு முன்னால் இல்லை, அவர் நிற்கும் பக்கம். அவர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, அவனிடம், "எந்தா வேண்டே?" என்றார். அவனுக்கு மாங்காய் வேண்டியிருக்கவில்லை. இரண்டு நிமிடம் நின்று போனான். நான் நெல்லிக்காய் வாங்கி, அங்கேயே தின்று, அவர் கூப்பிட்டுக் கொடுத்த ஆட்டோவில் ஏறினேன். அதிலும் வழக்கம்போல வண்டி எண்ணைத் தோழிக்கு அனுப்பினேன்.

கேரளத்தில் பெண்கள் பாதுகாப்புக்கான பிங்க் போலீஸ் எண் 1515. நாடு முழுக்க அவசர எண் 112. பெண்கள் உதவிக்கு 181. போனில் பெயராகச் சேமிக்காமல் மனப்பாடம் செய்திருக்கிறேன், போன் பறிபோனால் பெயர் எதற்கு உதவும்?

சனி, மலை ஏறும் பேருந்து

கேரளப் பேருந்துகளில் பெண்களுக்கு முன்பக்க இருக்கைகள். முன் வாசல் வழியாக ஏறி முன்னாலேயே உட்கார்ந்துகொள்ளலாம். ஓட்டுநரின் கண்ணாடி வழியாகச் சாலை முழுக்கத் தெரியும், தலைசுற்றலும் குறைவு. காலையில் கிளம்பினேன். அப்போதுதான் ஐந்து மணி நேரம் பிடித்தாலும் வெயிலோடு போய்ச் சேரலாம்.

பெரும்பாவூர், கோதமங்கலம்வரை ஊரும் ரப்பரும். நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் 1935-இல் திறந்த வளைவுப் பாலம். அதைத் தாண்டியதும் சாலை இருட்டி, குளிர்ந்து, காடாகிவிடுகிறது. வளறா, சீயப்பாறை அருவிகள் சாலையோரத்திலேயே, ஜனவரியில் தண்ணீர் மெலிந்திருந்தது. இது கொச்சியிலிருந்து தொண்டி போகும் தேசிய நெடுஞ்சாலை 85.

அடிமாலிக்கு மேலே சிக்னல் வந்து வந்து போகும். லைவ் லொக்கேஷன் நின்றுவிட்டால் வீட்டில் பதறிவிடுவார்கள். அதனால் நேரத்தைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லி வைத்திருந்தேன்: அடிமாலியில் ஒரு செய்தி, மூணாறில் இறங்கியதும் ஒரு செய்தி, நடுவில் எதுவும் வராது. பேருந்தின் முன்பலகையைப் படம் எடுத்து ஏறும் முன்பே அனுப்பிவிட்டேன். அம்மா பதிலுக்கு, ஸ்வெட்டர் போட்டியா என்றார்.

பாதுகாப்பு என்றால் நாம் மனிதர்களையே நினைக்கிறோம். மூணாறில் இருட்டிய பிறகு வெளியே போகாதே என்று விடுதிப் பெண் சொன்னதற்குக் காரணம் யானை. படையப்பா என்று ஊரார் பெயர் வைத்திருக்கும் கொம்பன் எஸ்டேட் சாலைகளில் சாவகாசமாக நடக்கும், கடைக்குள் தும்பிக்கையை விடும், பேருந்தை மறிக்கும். "பஜார்ல எட்டு மணி வரைக்கும் இருங்க, ஒண்ணும் இல்ல. எஸ்டேட் ரோட்ல ஆறுக்கு மேல வேண்டாம்" என்றார். இவ்வளவு துல்லியமாகச் சொல்பவரைத்தான் நம்ப வேண்டும். பொத்தாம்பொதுவாக "பொண்ணுங்க ஜாக்கிரதையா இருக்கணும்" என்பவரிடம் கேட்டு என்ன பிரயோசனம்?

பஜாரில் எல்லோரும் தமிழ். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, கேரட் குவியல், மங்கி குல்லா விற்கும் பாட்டி.

ஞாயிறு, இரவிகுளம்

ஞாயிற்றுக்கிழமை இரவிகுளம் போகிறேன் என்றதும் விடுதிப் பெண் சிரித்தார். திங்களுக்குத் தள்ளினால் தேயிலை அருங்காட்சியகம் போய்விடும், இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியிருந்தது. டிக்கெட்டை ஆன்லைனில் முதல் பேருந்துக்கே எடுத்திருந்தேன். ஐந்தாம் மைலில் வனத்துறைப் பேருந்து ஏறினால் ராஜமலையில் இறக்கிவிடுவார்கள். அதற்கு மேல் தார்ச்சாலையில் நடை. சுற்றுலாப் பயணிக்குத் திறந்திருப்பது அந்தச் சின்னத் துண்டு மட்டும்தான். 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் மிச்சமெல்லாம் ஆடுகளுக்கு. ஆனைமுடி, 2,695 மீட்டர், மேகத்தை விலக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் முகம் காட்டியது. ஏற அனுமதி இல்லை.

வரையாடு நம் மாநில விலங்கு. ஆனால் இவ்வளவு பக்கத்தில் பார்க்க இங்கே வர வேண்டியிருக்கிறது. சாலையோரக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெட்டை நின்று புல் மென்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே நேர்ச்சரிவு. குளம்பு பாறையில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தால் நமக்குத்தான் கால் கூசுகிறது. ஒரு குடும்பம் சிப்ஸ் நீட்டியது. வனத்துறைப் பெண் ஊழியர் ஒருவர் அதட்டிய அதட்டலில் நாங்கள் எல்லோருமே இரண்டு அடி பின்னால் போனோம். நீலக்குறிஞ்சி பற்றிக் கேட்காதவர் இல்லை. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

இந்த மலைக்கு அந்தப்பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஒரே குடும்பங்களாக. மின்சாரமும் போன் சிக்னலும் இல்லாததால் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. திரும்பும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சன்னல் வழியாக அந்தத் திசையைக் காட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதியம் நல்லதண்ணியில் தேயிலை அருங்காட்சியகம். வாசல் பக்கம் 1913-ஆம் ஆண்டுக் கருங்கல் சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது, செய்தது நம் நாசரேத் தொழிற்பள்ளி. உள்ளே குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம். மூணாறில் ரயில் ஓடியிருக்கிறது. 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடிப் பாதையாக மாறி, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. பிறகு கட்டவேயில்லை.

திங்கள், டாப் ஸ்டேஷன்

அந்த ரயில் போய் நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டிகளை அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிப் பக்கம் இறக்கி, போடிக்குக் கொண்டுபோனார்கள். மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். டாக்சிக்காரர்கள் நாள் வாடகை சொன்னார்கள். நான் கோவிலூர் பேருந்தில் ஏறினேன், அது அந்த வழியாகத்தான் போகிறது. மாட்டுப்பட்டி அணை, குண்டளை அணை, எல்லப்பட்டி எல்லாம் சன்னலில் வந்துபோயின. பேருந்து முழுக்கத் தோட்டத்துப் பெண்கள். ரேஷன் அரிசி, ஆஸ்பத்திரிச் சீட்டு, பேரக்குழந்தை.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கமாம், பிறந்தது இங்கேதான்.

"ஒத்தையிலயா வந்த தாயி?"

"ஆமாம்மா."

"கல்யாணம்?"

"ஆகலம்மா."

"சரி, அதுக்கென்ன. நாங்க ஒத்தையில ரோட்ல உக்காந்தோம்ல" என்றார்.

எனக்கு உடனே புரிந்தது, 2015. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான தோட்டத்துப் பெண்கள் செப்டம்பரில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். நாள் கூலி அப்போது 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் வரவிடவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயரானது. ஒன்பது நாள். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து அந்த 20 சதவீதத்தை வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். "ராத்திரி எங்கம்மா படுத்தீங்க?" என்றேன். எனக்கு அதுதானே கவலை. "எங்க படுத்தா என்ன, அம்புட்டுப் பேரும் பொம்பளைகதான்" என்றார். எல்லப்பட்டியில் இறங்கும்போது, திரும்பி வரும் வண்டி எத்தனை மணிக்கு, எந்தக் கடைக்கு முன்னால் நிற்கும் என்று சொல்லி, நடத்துநரிடமும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்.

டாப் ஸ்டேஷனில் நிற்கும்போது கீழே தெரிவது தமிழ்நாடு. குரங்கணி அந்தச் சரிவில்தான். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெண்கள் பலர். கீழே போகும் ஒற்றையடிப் பாதை கண்ணுக்கு எதிரே கிடக்கிறது, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லவும் ஆள் இருக்கிறார்கள். வனத்துறை அனுமதிச் சீட்டும் அவர்கள் அனுப்பும் வழிகாட்டியும் இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் கறார். வெட்டவெளி மலையில் கோடைக்காலத் தீ, தனியாக வந்தவர், கும்பலாக வந்தவர் என்று பார்க்காது.

சூடாக ஒரு கட்டன் சாயா, அம்மா சொன்ன கடைக்கு முன்னால் சொன்ன வண்டி. மூன்றரைக்கு மூணாறு.

செவ்வாய், போடி

காலைப் பேருந்தில் இறங்கத் தொடங்கினேன். தேவிகுளம் தாண்டி கேப் ரோடு, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் வானம். மழைக்காலத்தில் இங்கே பாறை விழுந்து சாலையை அடைப்பது வாடிக்கை. அந்த மாதங்களில் இந்த வழியை நம்பி ரயில் டிக்கெட் போடாதீர்கள். பூப்பாறைவரை தேயிலை, அப்புறம் ஏலம். மர நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடி.

போடிமெட்டில் மாநில எல்லை. அதற்குக் கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளைவிட நான் அதிகம் பார்த்தது எதிரே மேலேறி வந்த ஜீப்புகளைத்தான். போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடியும் முன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய், சாயங்காலம் இறங்குகிறார்கள். தினமும், இதே வளைவுகளில். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முடியாத அளவுக்கு அடைத்துக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு என் பயணத்தைப் பற்றி இருந்த கவலையில் பத்தில் ஒரு பங்காவது இந்த ஜீப்புகளைப் பற்றி யாராவது பட்டால் தேவலை.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் போனில் தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியைத் திறந்து இடம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். 112 இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மதியத்துக்குள் போடி. ரயிலுக்கு இரவு எட்டரைவரை நேரம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் இது, தெருவே மணக்கிறது. கடைத்தெருவை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கால் கிலோ வாங்க வந்தவளை உள்ளே உட்காரவைத்து, எதை வாங்க வேண்டும் என்று முதலாளிக்குக் கேட்காமல் காட்டிக் கொடுத்தார்கள். பெரிதாக இருப்பதையெல்லாம் எடுக்காதே, காம்போடு இருப்பதை உடைத்துப் பார், உள்ளே விதை கறுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

ஆறு மணிக்கெல்லாம் ரயில் நிலையம் வந்துவிட்டேன்.

இதையே தலைகீழாகப் போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து போடி ரயில் திங்கள், புதன், வெள்ளி இரவுகளில். காலையில் வந்து சேரும், அன்று பகலிலேயே மூணாறு ஏறிவிடலாம். கடைசியில் கொச்சி வரும், அங்கிருந்து சென்னைக்குத் தினமும் ரயில் உண்டு என்பதால் திரும்பும் நாளில் இழுபறி இல்லை. மூடும் நாட்களை மட்டும் மறுபடி கணக்குப் போடுங்கள். புதன் இரவு கிளம்பினால் வியாழன் மூணாறு, வெள்ளி இரவிகுளம், சனி பகலில் கொச்சிக்குப் பேருந்து, ஞாயிறு மட்டாஞ்சேரியில் அரண்மனையும் ஜெப ஆலயமும் திறந்திருக்கும். பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இருக்காது.